பழைய டர்போ வண்டி: டைமிங் லைட்டில் 10 டிகிரி அசையாமல் நிற்கிறது, வண்டியில் மட்டும் இழுவை இல்லை

செலிகாபித்தன்
எல்லோருக்கும் வணக்கம். வண்டி டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோர், எஸ்டி185, 1990 மாடல். எஞ்சின் 3எஸ்-ஜிடிஇ இரண்டாம் தலைமுறை, டர்போ கம்பெனியில் வந்த அதே சிடி26, பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றழுத்தம்) ஏற்றவில்லை, எஞ்சின் கம்ப்யூட்டரான இசியுவில் யாரும் கை வைக்கவில்லை. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல் எல்லாம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றினேன். அதற்கு முன்னால் வண்டி பறக்கும். மாற்றி வந்ததிலிருந்து 3000 ஆர்பிஎம் வரை ஒரு சோம்பல், மிதித்தால் சத்தம்தான் வருகிறது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் அடிக்கடி ஓடுகிறது. நேற்று இரவு ஒரு மேடு ஏறி நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் நன்றாகச் சிவந்து கிடந்தது, முன்பு இப்படிப் பார்த்ததே இல்லை.

இன்னொரு விநோதம்: டர்போ முன்பைவிடச் சீக்கிரமாகவே பூஸ்ட் காட்டுகிறது, ஆனால் பூஸ்ட் வந்தும் முதுகில் அந்தத் தள்ளல் இல்லை. டெட்டனேஷன் சத்தம் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து எஞ்சின் தட்டும் ஒலி; பிங்கிங், நாக்கிங் என்பதும் இதுதான்) எதுவும் காதில் விழவில்லை. செக் எஞ்சின் லைட் எரியவில்லை, இசியுவின் எரர் கோட் எடுத்துப் பார்த்தேன், லைட் சீராகச் சிமிட்டுகிறது, அதாவது எதுவும் பதிவாகவில்லை. டைமிங் லைட் போட்டால் 10 டிகிரி (பிஸ்டன் மேல் உச்சிக்கு வர 10 டிகிரி இருக்கும்போது பொறி விழுகிறது என்று அர்த்தம்), கோட்டின் மேல் கோடு. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் "டைமிங் பக்காவாக இருக்கிறது, டர்போ போயிருக்கும்" என்கிறார்கள். டர்போ மாற்றுவதற்கு முன் உங்களிடம் கேட்கலாம் என்று வந்தேன்.

காதுவைத்தியர்
லைட்டைத் தூக்கி ஓரமாக வையுங்கள். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, ஐட்லிங் ஏறும் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நன்றாக ஓடும் இடத்தில் முடுக்கிவிடுங்கள். ஓட்டிப் பாருங்கள், பிங்கிங் வந்தால் ஒரு மயிரிழை பின்னால் கொண்டு வாருங்கள். பழைய வண்டிகளை நாங்கள் இப்படித்தான் ஓட்டினோம்.

பழையஸ்பேனர்
காதுவைத்தியர் அண்ணா, கார்ப்பரேட்டர் வண்டிக்கு நீங்கள் சொன்னது ஓடும், மறுக்கவில்லை. டர்போவில் அது ஆபத்து. ஐட்லிங்கில் எஞ்சின் 20 டிகிரியையும் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். அதே கூடுதல் அட்வான்ஸ் (பொறியை முன்கூட்டி விடுவது) முழு பூஸ்ட்டில் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பை உடைத்துவிடும். நாக்கிங் காதில் விழும் அளவுக்கு வந்த பிறகு பின்வாங்கினால் அதற்குள் வேலை முடிந்திருக்கலாம். மேல் ஆர்பிஎம்மில் டர்போ சத்தமும் காற்றுச் சத்தமும் சேர்ந்தால் அதைக் கேட்கவே முடியாது.

செலிகாபித்தன் தம்பி, நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த விநோதம்தான். பூஸ்ட் சீக்கிரம் வருகிறது, இழுவை இல்லை, மேனிஃபோல்ட் சிவக்கிறது, பிங்கிங் இல்லை. நான்கையும் சேர்த்து வைத்தால் தீப்பொறி தாமதமாக விழுகிறது என்றுதான் அர்த்தம். டர்போ கெட்டிருந்தால் பூஸ்ட் தாமதமாகும், சீக்கிரம் வராது.

தீப்பொறி விழுந்த கணத்தில் கலவை முழுவதும் எரிந்துவிடுவதில்லை, சுவாலை பரவ நேரம் எடுக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போகும்போது பிஸ்டன் மேல் உச்சியைக் கடந்து ஏறத்தாழ 15 டிகிரி இறங்கியிருந்தால் கிராங்குக்கு நல்ல தள்ளல் கிடைக்கும். அதற்காகத்தான் முன்கூட்டியே பொறி வைக்கிறோம். பொறி பிந்தினால் பிஸ்டன் கீழே ஓடிக்கொண்டிருக்கும்போது எரிதல் அதைத் துரத்துகிறது, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது வாயு இன்னும் கொதித்துக்கொண்டே வெளியே போகிறது. கிராங்குக்குப் போக வேண்டிய ஆற்றல் டர்பைனுக்கும் மேனிஃபோல்ட்டுக்கும் போகிறது. டர்போ வேகமாகச் சுழலும், வண்டி நகராது. ராலி வண்டிகளில் ஆன்டி-லேக் என்று வேண்டுமென்றே பொறியைப் பின்னுக்குத் தள்ளி எக்ஸாஸ்ட்டில் எரிய விடுவார்கள் இல்லையா, உங்கள் வண்டி கேட்காமலேயே அதில் கொஞ்சம் செய்துகொண்டிருக்கிறது. (ராலி ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸ் 1992இல் உலக ராலி பட்டம் வாங்கியது இதே எஸ்டி185இல்தான் என்பதால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.)

சரி, அப்படியானால் லைட் ஏன் 10 காட்டுகிறது? டைமிங் லைட்டுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: முதல் பிளக் வயரில் மின்னோட்டம் பாய்ந்த நேரத்தில் கிராங்க் புல்லியில் இருக்கும் கீறல் எங்கே நின்றது. அந்தக் கீறல் பிஸ்டனைப் பற்றி உண்மை சொல்கிறதா என்று லைட்டுக்குத் தெரியாது. ஆகவே முதலில் கீறலைச் சந்தேகப்படுங்கள்.

கேம்பெல்ட்
எனக்கு இது நேரடியாக பெல்ட் வேலையாகத் தெரிகிறது. பெல்ட் மாற்றிய பிறகு வந்த பிரச்சினை, ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பார்கள். கேம் புல்லியில் 48 பல் இருந்தால் ஒரு பல் என்பது கேமில் 7.5 டிகிரி, கிராங்கில் 15 டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டர் கேமின் முனையில்தான் உட்கார்ந்திருக்கிறது, கேம் தள்ளினால் அதுவும் தள்ளும், ஒர்க்‌ஷாப்காரர் அதைத் திருப்பி 10க்குக் கொண்டு வந்திருப்பார். லைட் சரி என்று சொல்லும், வால்வு டைமிங் தப்பாகவே இருக்கும். மேல் கவரைக் கழற்றிப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

பழையஸ்பேனர்
அதுவும் நடக்கக்கூடியதுதான், கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு கேள்வி: மேல் கவரைக் கழற்றி கேம் குறிகளைப் பார்க்கும்போது கிராங்கை எதை வைத்து 0க்குக் கொண்டு வருவீர்கள்? அதே வெளிப் புல்லியின் கீறலை வைத்துத்தானே? கீறலே பொய் என்றால் பெல்ட் சரியாக இருந்தாலும் தப்பாகத் தெரியும், தப்பாக இருந்தால் சரியாகத் தெரியக்கூட வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் கீறலை முதலில் என்கிறேன்.

மின்கம்பி
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், பேஸ் டைமிங் எப்படிப் பார்த்தீர்கள் என்று சொல்லவே இல்லையே. இந்த எஞ்சினில் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 இரண்டையும் ஜம்பர் வயரால் இணைத்தால்தான் இசியு தன் திருத்தங்களை விட்டுவிட்டு அடிப்படை டைமிங்கைக் காட்டும். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு, பலருக்குத் தெரியாது: த்ராட்டில் பொசிஷன் சென்சாரில் ஐடிஎல் என்ற ஐட்லிங் தொடர்பு மூடியிருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் இறுக்கமாக இருந்தோ, சென்சார் நகர்ந்தோ அந்தத் தொடர்பு திறந்திருந்தால், கால் மிதியில் இருக்கிறது என்று இசியு நினைத்துக்கொள்ளும், ஜம்பர் போட்டும் டைமிங் நிலைக்காது. அப்படி ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் எங்கேயோ போய் நிற்கும்.

எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், ஏசி அணைந்திருக்க வேண்டும். ஜம்பர் போடும்போது கண்ணைத் திறந்து போடுங்கள், பக்கத்திலேயே +பி, எஃப்பி என்று முனைகள் இருக்கின்றன, அவற்றை இணைத்தால் பெட்ரோல் பம்ப் ஓடத் தொடங்கும்.

செலிகாபித்தன்
மின்கம்பி, ஜம்பர் போட்டுத்தான் பார்த்தேன். நீங்கள் சொன்ன பிறகு ஐடிஎல் முனையையும் மல்டிமீட்டரில் பார்த்தேன், த்ராட்டில் மூடியிருக்கும்போது தொடர்பு இருக்கிறது, லேசாகத் திறந்தால் போய்விடுகிறது. ஜம்பர் போட்டால் 10இல் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது, எடுத்தால் மேலே ஏறி லேசாக ஆடுகிறது.

மின்கம்பி
அப்படியென்றால் இசியு தன் வேலையைச் செய்கிறது. ஜம்பரை எடுத்தும் ஏறாமல் இருந்திருந்தால் நான் வயரிங் பக்கம் இழுத்திருப்பேன். குறி ஆடாமல் நிற்பதால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் தேய்மானத்தையும் இப்போதைக்கு ஒதுக்கலாம். ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருந்தால் ஜம்பர் போட்ட நிலையிலும் குறி இரண்டு மூன்று டிகிரி துள்ளும், லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இன்னும் துள்ளும்.

நாக் சென்சார் மட்டும் பாக்கி. அது திறந்த சர்க்யூட் ஆகிவிட்டால் இசியு பயந்துபோய் டைமிங்கை அதிகபட்சம் பின்னுக்குத் தள்ளிவிடும், அறிகுறிகள் நீங்கள் சொன்னதைப் போலவே இருக்கும். கோட் 52 வர வேண்டும். ஆனால் அதை ஆர்பிஎம் ஏறிய பிறகுதான் இசியு சோதிக்கும், ஐட்லிங்கில் விட்டுப் பார்த்தால் வராது. ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை ஆன் செய்து மறுபடி எடுங்கள்.

செலிகாபித்தன்
ஓட்டிவிட்டு எடுத்தேன். கோட் எதுவும் இல்லை, அதே சீரான சிமிட்டல்.

இரட்டைப்பொறி
என் மிட்சுபிஷி 4ஜி63 டர்போவிலும் கிட்டத்தட்ட இதே தலைவலி, ஆனால் காரணம் வேறு. இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது, காயில் ஜோடியாகப் பொறி விடும், 1க்கும் 4க்கும் ஒன்றாக. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொறி, அதில் பாதி வீண். என்னிடம் இருந்தது டயல் வைத்த டைமிங் லைட். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்ற கணக்கில் அது தாமதத்தைப் போடுகிறது, ஆகவே டயலில் 10 காட்டினால் உண்மையில் 5தான். ஆர்பிஎம்மையும் இரட்டிப்பாகக் காட்டும், அதுதான் துப்பு. டயலை 0இல் வைத்துவிட்டு எஞ்சின் மேலிருக்கும் அளவுகோலை மட்டும் படித்தால் இந்தத் தொல்லை இல்லை. சில லைட்டுகளில் டூ-ஸ்ட்ரோக் என்று ஒரு நிலை இருக்கும், அதைப் போட்டாலும் சரியாகும்.

என் 4ஜி63க்குப் பேஸ் டைமிங் 5 டிகிரி, டைமிங் கனெக்டரை எர்த் செய்துவிட்டுப் பார்க்க வேண்டும். செய்யாமல் பார்த்தால் இசியு தன் அட்வான்ஸையும் சேர்த்துக் காட்டும், அதைப் பார்த்துத் திருப்பினால் போச்சு. ஃபோர்ட் 2.3 டர்போ வைத்திருக்கும் நண்பர் ஸ்பௌட் கனெக்டரைக் கழற்றிவிட்டு 10க்கு வைப்பார். வண்டிக்கு வண்டி வழி வேறு, நோக்கம் ஒன்றுதான்: கம்ப்யூட்டரை வாய் மூடச் சொல்லிவிட்டு அளப்பது.

செலிகாபித்தன்
என்னுடையது டயல் இல்லாத சாதாரண லைட். கிளிப்பில் அம்புக்குறி பிளக் பக்கம் பார்க்கும்படி மாட்டியிருக்கிறேன்.

வெள்ளைசாப்
என் சாப் 900 டர்போ இன்னும் பழைய வகை, கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு வட்டக் குப்பி, அதில் ஹோஸ் வருகிறது. வேகுவத்தில் அட்வான்ஸ், பூஸ்ட்டில் ரிட்டார்ட் (பொறியைப் பின்னுக்குத் தள்ளுவது) என்று படித்தேன். அது கெட்டால் என்ன ஆகும்?

பழையஸ்பேனர்
அம்மா, உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் இரண்டு வேலையும் நின்றுவிடும். வேகுவம் அட்வான்ஸ் இல்லாததால் மெதுவாக ஓட்டும்போது பெட்ரோல் குடிக்கும், அது பரவாயில்லை. பூஸ்ட்டில் பின்வாங்காது, அதுதான் பயம். பூஸ்ட் ஏறினால் கலவை அடர்த்தியாகி வேகமாக எரியும், சூடும் அழுத்தமும் கூடி நாக்கிங்குக்குப் பக்கத்தில் போய்விடும், அதனால் அட்வான்ஸைக் குறைத்தே ஆக வேண்டும். ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி என்று வாய்க்கணக்காகச் சொல்வார்கள், தொடக்கத்துக்கு மட்டும் அது உதவும், எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். உங்கள் வண்டியில் ஏபிசி (APC) என்ற பூஸ்ட் கட்டுப்பாடு நாக்கிங்கைக் கேட்டு பூஸ்ட்டைக் குறைக்கும், ஆகவே உடனே உடையாது. ஆனால் பூஸ்ட் வராமல் ஏமாற்றும், நீங்கள் டர்போவைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சோதிக்கக் கைப்பம்பு போதும். வேகுவம் கொடுத்து ஊசி இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஐட்லிங்கில் லைட்டை அடித்துக்கொண்டே வேகுவம் கொடுத்தால் குறி முன்னே போக வேண்டும், லேசாக அழுத்தம் கொடுத்தால் பின்னே வர வேண்டும். குப்பி சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் உள்ளே தட்டு துருப்பிடித்துப் பிடித்துக்கொண்டிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப அட்வான்ஸ் தரும் வெயிட்டுகளின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அட்வான்ஸ் நேரத்துக்கு முன்பே ஏறிவிடும், அதைப் பார்க்க ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு ஆர்பிஎம்மைப் படிப்படியாக ஏற்றி மேனுவலில் இருக்கும் வளைகோட்டோடு ஒப்பிடுங்கள்.

செலிகாபித்தன் தம்பியிடம் திரும்புகிறேன். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சுற்றி ஒரு படம் எடுத்துப் போடுங்களேன். துடைக்காமல் எடுங்கள், அழுக்கு முக்கியம்.

செலிகாபித்தன்
படம் போட்டுவிட்டேன். அழுக்கைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் அண்ணா.

பழையஸ்பேனர்
பார்த்தேன். போல்ட்டின் வாஷர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிறை வடிவத்தில் ஒரு பளபளப்பு தெரிகிறது பாருங்கள், பழைய வாஷர் அங்கேதான் பல வருஷம் உட்கார்ந்திருந்திருக்கிறது. அதாவது பெல்ட் வேலையின்போது டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியிருக்கிறார்கள், ரிட்டார்ட் பக்கமாக. பெல்ட்டைப் பழைய குறிகளிலேயே சரியாக மாட்டியிருந்தால் இவ்வளவு திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று கேம்பெல்ட் சொன்னபடி பல் தள்ளியிருக்கிறது, அல்லது கீறல் நகர்ந்திருக்கிறது. என் பணத்தை நான் கீறலில் கட்டுவேன். பளபளப்புக்கும் இப்போதைய இடத்துக்கும் இடைவெளி கம்மி, ஒரு பல் அளவுக்கு வராது. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அங்கே 4 டிகிரி நகர்ந்தால் கிராங்கில் 8, ஒரு பல்லுக்கு அங்கே 7.5 வேண்டும்.

கீறல் எப்படி நகரும் என்றால்: கிராங்க் புல்லி ஒரே துண்டு இல்லை. நடுவில் ஹப், வெளியே கனமான வளையம், இரண்டுக்கும் இடையில் ரப்பர். கிராங்கின் முறுக்கு அதிர்வை விழுங்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள். கீறல் இருப்பது வெளி வளையத்தில். முப்பது வருஷ ரப்பர் எந்தக் கம்பெனி போட்டதானாலும் பிடியை விடத்தான் செய்யும். அதோடு, பெல்ட் மாற்ற புல்லியைக் கழற்றும்போது ஹப்பில் இருக்கும் துளைகளில் போல்ட் போட்டு இழுக்காமல் மூன்று கால் புல்லரை வெளி வளையத்தில் மாட்டி இழுத்தால் மிச்சமிருந்த பிடியும் போய்விடும். பிறகு ஓடும்போது ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பெல்ட்டுகள் வளையத்தைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். வளையம் 8 டிகிரி பின்தங்கிவிட்டது என்று வையுங்கள். உண்மையில் 10இல் பொறி விழுந்தால் லைட்டில் 18 தெரியும். "அடடா, 18 இருக்கிறதே" என்று ஒருவர் நல்ல எண்ணத்தோடு 10க்குக் கொண்டு வருவார். உண்மை 2 டிகிரிக்குப் போய்விடும். வழுக்கிய புல்லியை வைத்து டைமிங் பார்ப்பது கல் குறைந்த தராசில் நிறுப்பது மாதிரி, எத்தனை தடவை நிறுத்தாலும் ஒரே எடைதான் வரும்.

கேம்பெல்ட்
கணக்கு பொருந்துகிறது. ஆனால் வளையம் முன்னோக்கி நகர்ந்தாலும் நகரலாமே?

பழையஸ்பேனர்
நகரலாம். அப்போது கதை தலைகீழ்: லைட்டில் 10 என்றால் உண்மையில் 18, நாக்கிங் பிடித்து இசியு பின்வாங்கிக்கொண்டே இருக்கும். இவருக்கு பிங்கிங் இல்லை, சிவப்பு மேனிஃபோல்ட் இருக்கிறது, அதனால்தான் பின்தங்கல் என்கிறேன். எதுவானாலும் அளந்து பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

அளக்கும் முறை இது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள், கையால் சுற்ற லேசாக இருக்கும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் மாட்டுங்கள், அதாவது பிளக் மரையில் திருகும் ஒரு தண்டு, பிஸ்டன் உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே தடுத்து நிறுத்தும். முனை மழுங்கலாக இருக்கட்டும். கிராங்கை ரெஞ்சால் மெதுவாகச் சுற்றுங்கள், பிஸ்டன் தண்டைத் தொட்டதும் நிறுத்திவிட்டு, டைமிங் கவரில் இருக்கும் 0 குறிக்கு நேராக புல்லியின் விளிம்பில் ஒரு கோடு போடுங்கள். பிறகு எதிர்த்திசையில் சுற்றி, மறுபக்கம் தொட்டதும் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரிநடுவில் இருப்பதுதான் உண்மையான மேல் உச்சி. கம்பெனிக் கீறல் அந்த நடுவில் இருந்தால் நான் தோற்றேன், கேம்பெல்ட் ஜெயித்தார். எதிர்த்திசையில் சுற்றும்போது முரட்டுத்தனம் கூடாது, டென்ஷனர் பக்கம் பெல்ட் தளர்ந்து பல் தாண்டிவிடக் கூடாது. ஸ்டார்ட்டரை மட்டும் தொடவே கூடாது, தண்டு பிஸ்டனைத் துளைத்துவிடும். ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பிஸ்டன் ஏறுவதைப் பார்ப்பார்கள் சிலர், அது தோராயத்துக்குத்தான். உச்சியில் பல டிகிரி வரைக்கும் பிஸ்டன் நகர்வதே தெரியாது.

நூலால் புல்லியின் சுற்றளவை அளந்து 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மி.மீ. என்று கிடைக்கும். விட்டம் 150 மி.மீ. என்றால் சுற்றளவு 471, ஒரு டிகிரி 1.3 மி.மீ.

காதுவைத்தியர்
இவ்வளவுக்கு நான் சொன்னபடி திருப்பியிருந்தால் வண்டி ஓடியிருக்கும் போலிருக்கிறதே. 8 டிகிரி முன்னால் கொண்டு போயிருப்பேன், சரியாகியிருக்கும்.

பழையஸ்பேனர்
இந்த வண்டியில் சரியாகியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வழுக்கும் வளையம் வழுக்கிக்கொண்டே இருக்கும், அது கழன்றால் பெல்ட், கவர், ரேடியேட்டர் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். அடுத்த தடவை வேறு யாராவது லைட் போட்டுப் பார்த்து மறுபடி "சரி" செய்வார்கள்.

செலிகாபித்தன்
அளந்துவிட்டேன். கீறல் நடுவில் இல்லை! உண்மையான உச்சிக்கு வந்து நிற்கும்போது கீறல் இன்னும் 0க்கு வந்து சேரவே இல்லை, பின்தங்கி நிற்கிறது. நூல் கணக்குப்படி 8 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. ரெஞ்சை எடுத்துவிட்டு வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன், ஹப் அசையவில்லை, வளையம் மட்டும் ஒரு நூலளவு ஆடுகிறது. உள்பக்கம் ரப்பர் விளிம்பில் விரிசல் தெரிகிறது, ஒரு இடத்தில் பிதுங்கியே வந்திருக்கிறது. இந்த வண்டியை நான் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

மேல் கவரையும் கழற்றினேன். உண்மையான உச்சியில் வைத்துப் பார்த்தால் கேம் குறிகள் இரண்டும் பின் தட்டின் குறிகளோடு பொருந்துகின்றன. கேம்பெல்ட் அண்ணா, பெல்ட் சரியாகத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

கேம்பெல்ட்
மகிழ்ச்சியாகத் தோற்கிறேன். புல்லியைக் கழற்றியதும் உள்ளே பல்சக்கரத்தில் இருக்கும் குறியையும் ஆயில் பம்ப் உடம்பில் இருக்கும் குறியையும் பொருத்திப் பார்த்துவிடுங்கள். பல்சக்கரத்தில் ரப்பர் கிடையாது, அது பொய் சொல்லாது. ஒர்க்‌ஷாப்காரர் பெல்ட்டை அந்தக் குறியை வைத்து மாட்டியிருக்கிறார், அதனால்தான் பெல்ட் தப்பவில்லை. கடைசியில் வெளிப் புல்லியை நம்பியதில்தான் விழுந்திருக்கிறார்.

மின்கம்பி
புதுப் புல்லி வரும்வரை வண்டியை நகர்த்த வேண்டாம். வந்ததும் வேலையோடு வேலையாக பிளக் இடைவெளியையும் அளந்துவிடுங்கள். டைமிங் சரியாகி உண்மையான பூஸ்ட் இழுவை வந்த பிறகு, அதுவரை ஒளிந்திருந்த இக்னிஷன் பலவீனம் வெளியே வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செலிகாபித்தன்
புதுப் புல்லி மாட்டியாயிற்று. மாட்டியதும் பிஸ்டன் ஸ்டாப் வைத்து அதையும் சரிபார்த்தேன், கீறல் சரிநடுவில். ஜம்பர் போட்டு லைட் அடித்தால் 2 டிகிரி! டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பி 10க்குக் கொண்டு வந்தேன், வாஷர் போய் அந்தப் பழைய பளபளப்பின் மேலேயே உட்கார்ந்தது. முடுக்கிய பிறகு மறுபடி பார்த்தேன், ஒரு டிகிரி நகர்ந்திருந்தது, திருத்தினேன்.

வண்டி திரும்பி வந்துவிட்டது. 2500இலிருந்தே இழுக்கிறது. மேனிஃபோல்ட் அதே மேட்டில் ஏறி நிறுத்தினாலும் சிவக்கவில்லை. ஆனால் மின்கம்பி வாய் வைத்தபடியே ஒன்று: முழு பூஸ்ட்டில் 4500 தாண்டினால் விக்கல் மாதிரி விட்டு விட்டு உதறுகிறது. பூஸ்ட் இல்லாமல் ஆர்பிஎம் ஏற்றினால் 6500 வரை சுத்தமாகப் போகிறது. இதுவும் டைமிங்கா?

மின்கம்பி
இல்லை, இது பொறி அணைவது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். பழைய காயில், பழைய வயர், அகன்ற பிளக் இடைவெளி மூன்றும் சேர்ந்தால் பூஸ்ட் இல்லாதபோது நன்றாக ஓடும், பூஸ்ட்டில் பொறி விழாமலே போகும். பிளக் இடைவெளி எவ்வளவு?

செலிகாபித்தன்
இப்போதுதான் அளந்தேன், 1.1 மி.மீ.

மின்கம்பி
0.8க்குக் குறையுங்கள். தேய்ந்த பிளக்காக இருந்தால் புதிதே போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே பென்சில் கோடு மாதிரிக் கறுப்புத் தடம் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள், இருந்தால் மின்சாரம் அந்த வழியாக ஓடிப்போகிறது, துடைத்தால் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். ரோட்டர் முனையையும் பாருங்கள். இரவில் இருட்டில் எஞ்சினை ஓட விட்டு வயர்களின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் கசிவு நீலமாகத் தெரியும், கையை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டைப்பொறி
இனி பூஸ்ட் ஏற்றும் ஆசை வந்தால் நாக்கிங்கைக் கேட்க ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். போர் விட்டம் 86 மி.மீ. உள்ள எஞ்சினில் நாக்கிங் அதிர்வெண் தோராயமாக 6.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். 900ஐ பை (π) என்ற எண்ணாலும் மி.மீட்டரில் ஆரத்தாலும் வகுத்தால் கிடைக்கும் எண் அது. பிளாக்கில் ஒரு மைக்கைப் போட்டு அந்த அதிர்வெண்ணைச் சுற்றி மட்டும் வடிகட்டிக் கேட்டால் கூழாங்கல் கொட்டுகிற மாதிரி தெளிவாக விழும்.

செலிகாபித்தன்
மூடியில் தடம் இருந்தது, மூடி, ரோட்டர், பிளக் மாற்றி 0.8க்கு வைத்தேன், விக்கல் போய்விட்டது. பூஸ்ட் ஏற்றும் எண்ணம் இல்லை, இந்த அளவே போதும். ஒர்க்‌ஷாப்பில் பழைய புல்லியைக் கொண்டுபோய்க் காட்டினேன், வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வண்டிக்கு ஹப்பில் போல்ட் போட்டு இழுப்பார்கள் என்று நம்புகிறேன்.

பழையஸ்பேனர்
நல்லது தம்பி. புதுப் புல்லியில் ஹப்பிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை வெள்ளை பெயின்ட்டால் ஒரே நேர்கோடாக ஒன்று இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து இரண்டாகத் தெரிந்த நாளில் லைட்டை எடுக்கவே வேண்டாம், நேராக அடுத்த புல்லி வாங்கப் போகலாம்.

வெள்ளைசாப்
அண்ணா, குப்பியைச் சோதித்தேன், வேகுவம் நிற்கவே இல்லை, ஊசி உடனே இறங்கிவிடுகிறது. பழுது பார்க்க முடியுமா, புதிதுதானா?

பழையஸ்பேனர்
சவ்வை ஒட்டி வைக்க முடியாது அம்மா, புதிதுதான். வாங்கும்போது டர்போ வண்டிக்கான குப்பிதானா என்று எண்ணைப் பார்த்து வாங்குங்கள், டர்போ இல்லாத மாடலின் குப்பி பார்க்க அப்படியே இருக்கும், பூஸ்ட்டில் பின்வாங்காது.